நாக்கில் பட்டதெல்லாம்

எங்கள் வீடு உப்பளம் என்கிற பேட்டையில். ஒரு கூடம், ஒரு சமையலறை, தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். பிரெஞ்சுக் கொடி இந்தியக் கொடியாக மாறியதற்கு மறு வருஷம், பங்குனிக் கடைசியில், அந்தக் கூடத்தில் கட்டிலைப் போட்டு என் மகளைக் கிடத்தினோம். அவளுக்குப் பத்து வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. டைபாய்டு.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு சொன்னார்: "மருந்து நான் குடுக்கிறேன், மதாம். பட்டினி நீங்க போடணும். குடல் பூரா புண்ணு. நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கும். கெட்டியா ஒண்ணு உள்ள போனா கிழிஞ்சிடும். கிழிஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. காய்ச்சல் விட்டப்புறமும் பத்து நாளைக்குத் தண்ணிதான். பசிக்குதுன்னு அழும். அழட்டும்."

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சொன்னதைச் சொன்னபடி செய்து பழகியவள். பள்ளிக்கு லீவு எழுதி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். துணியில் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், பார்லித் தண்ணீர், குளுக்கோஸ், சக்கை இல்லாத சாத்துக்குடிச் சாறு, வாய்க் கசப்புக்கு ஒரு துணுக்கு நார்த்தங்காய். இரண்டு மணிக்கு ஒரு தடவை, அரை டம்ளர். சுவரில் இருந்த காலண்டரில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் கோடு போட்டு அடித்தேன்.

வீட்டில் சமைப்பதை நிறுத்தினேன். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தாலே அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிடுவாள். எதிர்வீட்டில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துவேன். அந்த வெயிலில், சாத்திய கூடத்தில், அவளும் நானும் வேர்த்துக்கொண்டு கிடப்போம். நானும் கஞ்சிதான் குடித்தேன். அவள் எதிரில் வேறெதுவும் இறங்கவில்லை. என் கணவர் ஆலையில் வேலை பார்த்தார். பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு தரம் வாய் கொப்பளித்து, ஒரு வெற்றிலையும் போட்டுத் துப்பிவிட்டுத்தான் வாசற்படி ஏறுவார். அப்படியும் அவள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள்: "காராமணிக் குழம்பு. அப்பளம் உண்டு." அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

வெளி ஆள் என்று வீட்டுக்குள் வந்தது ஒருத்திதான். எங்களுக்குப் பல வருஷமாக மீன் கொடுத்துவந்தவள், கடலோரக் குப்பத்திலிருந்து வருபவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கவுச்சி வாசனை உள்ளே வரக் கூடாதென்று கூடையைத் தெருமுனைப் பூவரச மரத்தடியில் வைத்துவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு வருவாள். நான் மருந்துக் கடைக்கு ஓடித் திரும்பும்வரை கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பசி ஏறியது. அப்போதுதான் என் மகள் பேச ஆரம்பித்தாள்.

"அம்மா, சுறாப்புட்டுல மொதல்ல என்னா வரும் சொல்லு."

"மிளகாத் தூள்."

"இல்ல. மொதல்ல பூண்டு. அப்புறம் வெங்காயம் லேசா இனிப்பா. காரம் கடைசியா தொண்டையில வரும். ஒருவாட்டி மண்ணு கடிச்சிச்சு, ஞாபகம் இருக்கா? அதுலேர்ந்து எனக்கு எப்பவும் ஒரு எடத்துல மண்ணு கடிக்கும்னு தோணும்."

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரம் முனகிக் கிடந்த பிள்ளை வாய் திறந்து பேசுகிறாள். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாக ஆயிற்று. நான் பேர் சொல்வேன், அவள் ருசி சொல்வாள். மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு முதல் நாளைவிட மறுநாள் ஏன் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை எந்த இடத்தில் மொறுமொறுப்பாகும், எந்த இடத்தில் ஈரமாகவே நிற்கும் என்று சொன்னாள். சாப்பிடும் காலத்தில் தட்டைப் பார்க்காமல் கதைப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு விழுங்கியவள்தான். இதையெல்லாம் எப்போது கவனித்தாள் என்று தெரியவில்லை.

எனக்கும் அது தொற்றிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன் அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் தின்ற பனங்கிழங்கு, இருபது வருஷம் நினைத்தே பார்க்காதது, ஒரு மத்தியானம் அதன் நார் பல்லிடுக்கில் மாட்டியதுபோல நாக்கு தானாகத் துழாவியது. அந்த வீட்டுக்காரர்களின் முகம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. போன மாதம் வரை தினமும் தின்ற இட்லியின் ருசியும் வரவில்லை. கையில் இருக்கிறவரை நாக்கு எதையும் எழுதி வைப்பதில்லை போலும். பிடுங்கிக்கொண்ட பிறகுதான் எழுத உட்காருகிறது.

இருபத்திரண்டாவது நாள் அவள் ரொட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"கடை ரொட்டிம்மா, நீள ரொட்டி. அடியில கருகியிருக்கும். கறுப்பச் சொரண்டிட்டு வெண்ண தடவுனா, வெண்ணையும் கசப்பும் ஒண்ணா வரும். கசப்புதான் நல்லாருக்கும்."

டம்ளரைக் கீழே வைத்தேன். கருகிய ரொட்டி நாங்கள் வாங்கியதே இல்லை. எங்கள் ரொட்டிக்கடைக்காரர் கருகியதை விற்க மாட்டார்.

"எப்ப தின்ன?"

"ஞாபகம்தாம்மா."

"எப்ப தின்னன்னு கேக்கறேன்."

தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். பாயை உதறினேன். அவள் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்தேன். கசப்பு மருந்து வாசனைதான் வந்தது. ஆனால் எனக்குப் புத்தி வேறெங்கும் போகவில்லை. கருகல், சுரண்டல், வெண்ணெய், இத்தனை துல்லியமாக ஒரு பிள்ளை வெறும் நினைவிலிருந்து சொல்ல முடியாது, யாரோ கொடுத்திருக்கிறார்கள். நான் இல்லாத நேரம் இவள் பக்கத்தில் இருந்தது ஒருத்திதான்.

மறுநாள் காலை மீன்காரியை வாசலிலேயே நிறுத்தினேன்.

"நான் மருந்துக் கடைக்குப் போனப்ப புள்ளைக்கு என்னா குடுத்த?"

"கையைக் குடுத்தேன். புடிச்சிக்கிட்டு இருந்திச்சு."

"ரொட்டி குடுத்தியா?"

"ரொட்டிய நான் எங்க கண்டேன் டீச்சரம்மா? ரொட்டி துன்ற மூஞ்சா இது?"

"மறைக்காத. கெட்டியா எது உள்ள போனாலும் கொழந்த செத்துடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கைதான். "மூணு பெத்து ரெண்ட இதே சொரத்துக்குக் குடுத்தவ நானு. எனக்கு நீ சொல்லித் தரியா? புள்ள படுத்திருக்கற ஊட்டு வாசல்ல நின்னுக்கினு செத்துடும்னு சொல்ற. நல்ல படிப்பு படிச்ச."

"நாளைலேர்ந்து உள்ள வராத."

"வரல. நீ கூப்புட்டாலும் வரல."

அவள் போய்க் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். எங்கள் தெருவில் அன்று மீன் என்று குரல் கொடுக்கவில்லை.

ஆலைச் சங்கு ஊதி என் கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"கருகுன ரொட்டியா? கொடி மாறுன அன்னிக்கு வாங்குனமே. அடுப்புல ரொட்டிய விட்டுட்டு கடைக்காரரு தெருவுல வேடிக்கை பாக்கப் போயிட்டாரு. அன்னிக்கு மொத்தமும் கருகிடுச்சு. சும்மா எடுத்துக்கிட்டுப் போங்கன்னாரு. நீதான கத்தியால சொரண்டிக் குடுத்த?"

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. கத்தி பிடித்த கை என்னுடையது. ருசி மட்டும் அவளிடம் ஆறு மாதமாகக் கெடாமல் இருந்திருக்கிறது. கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. குப்பத்துக்கு ஆள் அனுப்பவும் இல்லை. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், சந்தேகப்பட ஒரு ஆள் குறைந்ததில் ஒரு நிம்மதி. தெருக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி என் கையைத் தவிர வேறு கை அவள் வாயருகே போகாது என்று நினைத்தேன்.

மூன்று நாள் அப்படி இருந்தோம். மருந்தைக் கணவரே வாங்கி வந்தார். நான் வாசல் தாண்டவில்லை.

இருபத்தாறாம் நாள் காலை கஞ்சித் தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. உதடு வெளுத்து, முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு, என்னையே பார்த்தாள். காய்ச்சல் மறுபடி ஏறியிருந்தது.

டாக்டர் வந்து வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"என்னா குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. நீங்க சொன்னது மட்டும்தான்."

"கெட்டியா எதுவும்?"

"சத்தியமா இல்ல. கதவைப் பூட்டி வச்சிருக்கேன்."

சொல்லும்போதே மனசு மீன்காரியிடம் ஓடியது. ரொட்டி இல்லை, சரி. வேறு ஏதாவது கொடுத்திருப்பாள். கடலை உருண்டை, பொரி, ஏதாவது.

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "பாப்பா, நீ சொல்லு. படுத்ததுலேர்ந்து உன் நாக்குல என்னென்ன பட்டிச்சு? யாரும் திட்ட மாட்டாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். கஞ்சித் தண்ணி, ஒரு நாள் அடி பிடிச்ச வாசனை. பார்லி. சாத்துக்குடி, ரெண்டு நாள் இனிப்பு, ஒரு நாள் கசப்பு. மருந்து, கண்ணாடிக் குப்பியில் இருந்தது, அப்புறம் மாத்திரை. குளுக்கோஸ். எங்கள் விளையாட்டின் அதே குரல்.

"நார்த்தங்கா" என்றாள். "அதுதான் தெனமும் நல்லாருக்கும். மொதல்ல உப்பு. அப்புறம் கசப்பு, அப்புறம் புளிப்பு. அம்மா சப்பிட்டுத் துப்பச் சொல்லுவாங்க. நான் துப்ப மாட்டேன். மென்னு முழுங்கிடுவேன். தோலு கெட்டியா இருக்கும்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அதை எப்படிச் சொல்வது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சியும் நார்த்தங்காயும் கொடுக்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. அது எங்களுக்குச் சாப்பாடு இல்லை. கஞ்சி குடிக்கும் வழி அது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், தண்ணீர் கொடுத்த டம்ளரை யாராவது சொல்வார்களா? உப்பில் ஊறி வெயிலில் காய்ந்து செருப்புத் தோல்போல ஆன அந்தத் துண்டை, ஜாடியிலிருந்து நகத்தால் கிள்ளி, இத்தனை நாளும் நானே அவள் கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறேன். கதவைப் பூட்டியது என்னையும் உள்ளே வைத்து.

டாக்டர் கோபப்படவில்லை. "அதுதான் காரணமான்னு சொல்ல முடியாது, மதாம். வியாதியே திரும்பியும் வரும். இப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு அலையக் கூடாது. வயித்துல கை வச்சிப் பாத்துக்கிட்டே இருங்க. மெத்துன்னு இருக்கறவரைக்கும் பயமில்ல. பலகை மாதிரி ஆச்சுன்னா ஆள் அனுப்புங்க." ஆள் அனுப்பினால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூன்று நாள் என் உள்ளங்கை அவள் வயிற்றின் மேல் இருந்தது. சில நேரம் என் கையே மரத்துப்போய், வயிறு கெட்டியாகிவிட்டதா கை கெட்டியாகிவிட்டதா என்று தெரியாமல் போகும். அப்போது கணவரைக் கூப்பிட்டு அவர் கையை வைக்கச் சொல்வேன். எதிர்வீட்டில் பொரித்தார்கள், ஜன்னலைச் சாத்த எழுந்திருக்கவில்லை. அவள் எந்த ருசியையும் சொல்லவில்லை. சொல்லமாட்டாளா என்று காத்திருந்தேன்.

நாலாம் நாள் காலை கண் விழித்து, "எதிர்வீட்ல சங்கரா. மாவு போடாம பொரிக்கறாங்க" என்றாள். நான் சமையலறைக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன்.

குழைந்த சோறு கொடுக்கலாமென்று டாக்டர் சொல்ல மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. அது எப்படித் தெருவுக்குத் தெரிந்ததோ, அன்று காலை வாசலில் நிழல் தட்டியது. மீன்காரி. உள்ளே வரவில்லை. பூவரச இலையில் ஆறேழு கெழங்கான் மீனை வைத்துப் படியில் நகர்த்தினாள்.

"சோத்துக்கு மாறுதாமே. இது முள்ளு வாங்க சுலபம். மெளகு போட்டுக் குடு. நான் உள்ள வரல."

"வாயேன்" என்றேன்.

"கூப்புட்டாலும் வரலன்னுட்டுப் போனேன்ல." பிறகு, போகத் திரும்பியவள் நின்று, "குடுத்தது எவன்னு தெரிஞ்சிதா?" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மகள் சொன்னாள்: "அம்மாதான். நார்த்தங்கா."

மீன்காரி என்னைப் பார்த்தாள். சிரிப்பாளென்று நினைத்தேன்; ஏசுவாளென்று நினைத்தேன். அவள் முகம் வேறு எங்கோ போயிற்று.

"நார்த்தங்காயா" என்றாள். "நானும் குடுத்தனே. ரெண்டுக்கும்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீன் இலையில் ஈ மொய்க்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து, "அறுவாமனையக் கொண்டா" என்றாள்.

ஏழு வருஷம் ஆகிறது. அதன் பிறகு எங்கள் வீட்டில் நார்த்தங்காய் போடவில்லை. நான் எங்கும் அதை வாயில் வைக்கவும் இல்லை. என் மகள் சிநேகிதி வீடுகளில் தயிர்சோற்றுக்கு வைத்துக்கொண்டு தின்கிறாள். அவளுக்கு அது வெறும் ஊறுகாய். ருசி எப்படி என்று கேட்டால், "நல்லாருக்கும்" என்கிறாள், அவ்வளவுதான். எனக்கு உப்பு எந்த நொடியில் கசப்பாகிறது என்பதும், தோலின் ஓரம் எந்தப் பல்லில் மாட்டும் என்பதும் தெரிகிறது.

போன வாரம், பரீட்சைக்குக் கிளம்புகிறவள் வயிறு வலிக்கிறதென்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கை அவள் வயிற்றுக்குப் போய்விட்டது. அவளும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, பாவாடை கசங்காமல், அசையாமல் நின்றாள். என் வாயில் உப்பு ஊறியது.

"மெத்துன்னுதாம்மா இருக்கு" என்றாள். "எடு, நேரமாச்சு."

இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.