ஒட்டுப்போட்ட மெழுகுத் தாள்

நான் பல் கட்டுகிறவள். கண்டி நகரத்தில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் இருந்துகொண்டு, மற்றவர்களின் வாய்க்கு எடுத்த அளவைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் செதுக்கிப் பொய்ப்பற்கள் செய்கிறேன். இருபத்தாறு வருடங்களாக இதே வேலை. மயிரிழை பிசகினாலும் மனிதர் சோறு சாப்பிட முடியாது. அதனால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதனால்தான்.

என் கணவர் எனக்கு நேர் எதிர். நான் யாழ்ப்பாணத்துக்காரி, அவர் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், பேராதனையில் ஓர் அலுவலகத்தில் வேலை. வீட்டில் நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். சாமான்களின் விலை தலைகால் தெரியாமல் ஏறிய அந்த வருடங்களில் அவர் ஒவ்வொன்றாக விட்டார். மோட்டார் சைக்கிளை விற்றார். பேப்பர் வாங்குவதை நிறுத்தினார். பின்னேரம் குடிக்கும் பால் தேத்தண்ணீர் பிளேன்டீ ஆனது. எதற்கும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒருமுறையாவது அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சேர்ந்து போட்டிருப்பேன்.

அவர் விடாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் நின்ற தேன்பெட்டி. அதிலிருந்து ஏற்கெனவே இரண்டு கூட்டங்கள் பறந்துபோயிருந்தன. எங்கள் நாட்டுத் தேனீக்கு ரோசம் அதிகம். இடம் பிடிக்காவிட்டால் ராணியோடு எழுந்து போய்விடும், பிறகு ஆளைப் பார்க்க முடியாது. மூன்றாவது கூட்டத்தை அவர் தன் அண்ணன் வீட்டிலிருந்து, தான் உடுத்தும் சாரத்தால் மூடிக் கட்டிய சிறு பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன அது என்று கேட்டதற்குக் கோழிக்குஞ்சு என்றாராம்.

"இதுவும் போச்சுன்னா பெட்டிய ஒடச்சு அடுப்புக்கு வச்சிருவோம்மா" என்றார் அன்றைக்கு. மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போலத்தான் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. இதையும் விட்டுவிட்டால் இந்த மனிதருக்கென்று மிஞ்சுவது என்ன என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் தொங்கும் மரச்சட்டங்களில் மெழுகுத் தாள் பொருத்த வேண்டும். தாள் முழுக்க அறுகோண அச்சுப் பதிந்திருக்கும். தேனீக்கள் அந்தக் கோட்டின்மேல் சுவர் எழுப்பித் தேன்வதை கட்டும். தாள் இருந்தால் அவற்றுக்கு மெழுகும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். கடையில் அப்போது தாள் கிடைப்பதே அருமை. கிடைத்தாலும் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. லண்டனிலிருந்து வந்த என் தம்பி, அத்தானுக்கென்று ஒரே ஒரு தாளைச் சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். அதைக் கையில் வாங்கியதும் எனக்குக் கை துருதுருத்தது. வாய்க்குள் எடுத்த அளவையே வார்க்கிறவளுக்கு இதுவும் ஒரு வேலையா?

கிளினிக்கில் மூட்டையின் அடியில் மிஞ்சிய பிளாஸ்டரைக் கேட்டு வாங்கினேன். தாளுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, மேலும் கீழுமாக இரண்டு அச்சு வார்த்தேன். பறந்துபோன கூட்டங்கள் விட்டுச்சென்ற பழைய வதைகளை உருக்கிப் பழைய நைலோன் துணியில் வடித்தோம். தேன்மெழுகை நெருப்பில் நேரே வைக்கக் கூடாது. சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுத் தகரம். ஊறவைத்த பலகையை உருகிய மெழுகில் முக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் முக்கினால் இரு பக்கமும் மெல்லிய தாள் உரிந்து வரும். அதை இளஞ்சூட்டில் அச்சுக்கு நடுவே வைத்து, மேலே பலகையைப் போட்டு நான் ஏறி நின்றேன். என் எடையால் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் பயன் அதுதான்.

முதல் தாள் உரிந்து வந்தபோது அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து அறுகோணங்களைப் பார்த்தார்.

"அருமையா வந்திருக்கு. ஓட்டைதான் கொஞ்சம் பெருசா தெரியலையாம்மா?"

"இஞ்சருங்கோ, அச்சு வார்க்கிறது என்ர வேலை. தாளில இருக்கிறதுதான் அச்சில வரும். நீங்கள் பேசாமல் அடுப்பைப் பாருங்கோ."

அவர் பேசாமல் அடுப்பைப் பார்த்தார். நான் பாடிக்கொண்டே அன்றைக்கு எட்டுத் தாள் செய்தேன்.

பிறகு ஒன்றரை மாதம் போனது. தினமும் பஸ்ஸுக்குப் போகுமுன் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவார். எப்படி என்று கேட்டால் "இருக்கு" என்பார். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில், படுக்கைக்கு மேல் கட்டும் பழைய நுளம்பு வலையில் தைத்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நானும் போனேன். அவர் சட்டத்தைத் தூக்கினார். என் தாளில் தேனீக்கள் வதை கட்டியிருந்தன. ஆனால் குஞ்சு இருக்கும் அறைகளின் மூடிகள் தட்டையாக இல்லை, புடைத்திருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தியதுபோல ஒரு துளை. பெட்டி வாசலில் பெரிய கண்ணும் தடித்த உடம்புமாக ஈக்கள் சோம்பலாக நடந்தன.

"அதெல்லாம் ஆண் ஈ" என்றார்.

உள்ளே ஓடிப்போய்ப் பல்லின் அகலம் பார்க்கும் அளவுகோலைக் கொண்டுவந்தேன். சட்டத்தின் ஓரத்தில் தேனீக்கள் தாங்களாகவே கட்டிய வதை கொஞ்சம் இருந்தது. அதில் பத்து அறை இருந்த நீளத்தில், என் தாளில் எட்டுக்குச் சற்று மேல்தான். லண்டன் தேனீ பெரிய உடம்புக்காரி. அவளுக்கு அளவான அறை எங்கள் தேனீக்கு ஆண் ஈ வளர்க்கிற அறை. ராணி அளவைப் பார்த்து அதற்கேற்ற முட்டையை இட்டிருக்கிறாள். ஆண் ஈ பூவுக்குப் போகாது, சேர்த்ததைத் தின்னும். வேலைக்கு ஆளில்லாத வீட்டில் பெட்டி முழுக்க மாப்பிள்ளைமாரைப் பெற வைத்திருந்தேன். தவறான அளவை அவ்வளவு துல்லியமாக வேறு யாராலும் எடுத்திருக்க முடியாது.

"விடும்மா" என்றார் அவர். "போறதுன்னா போகட்டும்."

"நான் விடமாட்டன்" என்று கத்தினேன். அவரிடம் கத்தியதற்கு நியாயமே இல்லை. கோபம் முழுக்க என்மேல்தான்.

ஓரத்தில் அவை கட்டியிருந்த வதையிலிருந்து உள்ளங்கை அளவு துண்டை வெட்டித் தரச் சொன்னேன். கிளினிக்கில் செய்வதுபோலக் கூரிய கத்தியைச் சூடாக்கி, சுவர்களை அடிவரை சீவினேன். காலாவதிக்குக் கிட்டிய அளவெடுக்கும் மாவை வைத்தியர் சும்மா தந்தார். அதில் அளவெடுத்துப் பிளாஸ்டரில் மாதிரி வார்த்து, அந்த மாதிரியிலிருந்து ஒரே போல ஆறு அச்சுத் துண்டு வார்த்து, பக்கம் பக்கமாக ஒட்டினேன். அறுகோணத்தை அறுகோணத்தோடு பொருத்துவது லேசுப்பட்ட வேலையல்ல. எவ்வளவு தேய்த்தும் ஒட்டு விழுந்த இடங்களில் அரை அறை பிசகியது. ஒரு பல்வரிசை இப்படி வந்திருந்தால் உடைத்துப் போட்டிருப்பேன். மறுபடி செய்ய நாள் இல்லை. வெளியே பறக்கும் ஈக்கள் குறைந்துகொண்டே வந்தன. பழைய தாள்களை உருக்கி, ஒருபக்க அச்சில் புதிய தாள் பதித்தோம். மறுபக்கத்தை அதுகளே பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். இந்தமுறை நான் வாயைத் திறக்கவில்லை.

புதிய தாள்களைப் பெட்டியில் வைத்தபின் மூன்று வாரம், வேலை விட்டு வந்ததும் பெட்டிக்குக் காதைக் கொடுத்துப் பார்ப்பேன். இரைச்சல் இருந்தால்தான் தேத்தண்ணீர் இறங்கும்.

ஒரு சனிக்கிழமை காலை "இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். முகமூடியோடு போனேன். அவர் தூக்கிய சட்டத்தில் வதை நேராக இறங்கியிருந்தது. மூடிகள் சின்னதாக, தட்டையாக இருந்தன. பூவுக்குப் போகும் வேலைக்காரக் குஞ்சுகள். என் ஒட்டு விழுந்த இடத்தைத் தேடினேன். அங்கே தேனீக்கள் ஐந்து மூலையில் சில அறை, கோணலாகச் சில அறை கட்டி, பிசகைச் சமாளித்து, அடுத்த வரியிலிருந்து ஒழுங்காகத் தொடர்ந்திருந்தன.

"இனிப் போகாது" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். "நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரி. ஓட்டை பெரிசுதான்."

"தெரியும்மா. வதை கட்டத் தொடங்கினப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? பெட்டியே போயிருக்குமே."

அவர் சட்டத்தை மெதுவாக இறக்கினார். "நீ பாடிக்கிட்டே செஞ்ச. இந்த வீட்டுல நீ பாடி நாலஞ்சு வருசம் இருக்கும். அதக் கெடுக்க மனசு வரல."

சட்டத்தின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக அதைப் பெட்டிக்குள் வைத்தோம். முகமூடி போட்டிருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை.