அந்த ஃபிளெக்ஸில் இருப்பது கோமதி அண்ணன் உடம்பு இல்லை

எதிர்வீட்டு கோமதி அண்ணன் போய்விட்டார்... நேற்றுக் காலை, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில்.

இது அம்மாவின் ஃபேஸ்புக் அக்கவுண்ட். எழுதுவது மகள் முத்துச்செல்வி, பிளஸ் டூ. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எலிக்காய்ச்சல். மழையில் எங்கள் தெருவுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறியபோது எல்லார் வீட்டு அரிசி மூட்டையையும் பீரோவையும் தூக்கி மேலே வைத்தது அண்ணன்தான். அந்தத் தண்ணீரில் நின்றதால் வந்தது என்றார் டாக்டர். மஞ்சள்காமாலையாகி, கிட்னியும் போய்...

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வேறு கதை. "ஜிம்முக்குப் போற பயதான... ஊசி போட்டிருப்பான். ஈரல் போயிட்டு."

எழுதியவர் வீட்டு பீரோவையும் அண்ணன்தான் தூக்கினார்.

சதை ஏற்றுகிற அந்த ஸ்டீராய்டு ஊசியை அண்ணன் போட்டதே இல்லை. புரோட்டீன் பவுடர்கூடக் கிடையாது. முட்டை, சுண்டல், வீட்டுச் சோறு, அவ்வளவுதான்.

எங்கள் டியூஷன் அந்த ஜிம்முக்கு மேல்மாடியில். கீழே பேசுவது எல்லாம் கேட்கும், படியில் ஏறி இறங்கும்போது உள்ளே நடப்பதும் தெரியும். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் அங்கேயே கிடப்பார்கள். அண்ணன் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு செட்தான். மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்கி, கை இனி அசையவே அசையாது என்கிற வரைக்கும். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நடுவில் நாலைந்து நாள் வரவே மாட்டார். ஓய்வில்தான் சதை வளரும் என்பார்.

ஜிம் ஓனருக்கு அது பிடிக்காது. "ஏலே கோமதி, வந்ததும் கிளம்புத. பாக்குத பயலுவளும் கெட்டுப் போவானுவ."

"இதுக்கு மேல முடியல அண்ணாச்சி."

"ஒரு ஊசியப் போடு. முடியும்."

"வேண்டாம் அண்ணாச்சி. அப்புறம் தூக்குதது நானா, ஊசியா?"

போன வருஷம் ஓர் ஆணழகன் போட்டிக்குப் போனார். மேடைக்காகப் பூசிய பழுப்புச் சாயத்தோடு வீட்டுக்கு வந்து நின்றார். அவர் அம்மா, நான் பெரியம்மா என்று கூப்பிடுபவர், வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எந்தச் சட்டிக்குள்ள விழுந்து எந்திரிச்சு வார?"

பிரைஸ் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "ஏட்டி, ஊசி போட்டவன் பக்கத்துல நின்னா நான் காய்ச்சல்ல கிடந்து வந்தவன் மாதிரில்லா தெரியுதேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்று காலை எங்கள் தெருமுனையில் அந்த ஜிம் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. முகம் அண்ணனுடையது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ... பூசணிக்காய் மாதிரி தோள், புடைத்த நரம்பு.

பெரியம்மா வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "முகம் எம்பிள்ளதான்... இது யாரு மக்கா?"

நேரே ஜிம்முக்குப் போனேன்.

"துக்கத்துல வச்சதுக்கும் குத்தமா?" என்றார் ஓனர். "போற பய கெத்தா போட்டும்னு டிசைன் பண்ணுத பய உடம்ப கொஞ்சம் ஏத்திட்டான். உனக்கென்ன?"

அதற்குள் ஃபிளெக்ஸை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். "ஊசி இல்லாம இந்த உடம்பு வருமா, நீங்களே சொல்லுங்க."

வராது. அதனால்தான் அது அவர் உடம்பு இல்லை. இத்தனை வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவரை, செத்த மறுநாள் ஊசி போட்டவராக்கி நிறுத்தியிருக்கிறீர்கள்.

சாயங்காலம் வரை பார்ப்பேன். கழற்றவில்லை என்றால் கத்தரிக்கோலோடு போய் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவேன். மிச்சம் யாருடையதோ, அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

போயிட்டு வாங்கண்ணே...