கம்பில்லாத கண்ட்ரோலர்

புத்தம்புதிய டிவி கேம் கண்ட்ரோலர் ஒன்றில் துளை போட்டவன் நான். அது என்னுடையதுகூட இல்லை. என் மனைவியின் அண்ணனுடையது. குடித்துவிட்டுச் செய்திருந்தாலாவது மன்னிப்புக் கிடைத்திருக்கும். நானோ மூன்று வாரம் யோசித்து, படம் வரைந்து, அளவெடுத்துச் செய்தேன். படித்தவன் முட்டாள்தனம் செய்யக் கொஞ்சம் கூடுதலாக அவகாசம் எடுத்துக்கொள்கிறான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு மலேசியாவின் ஈப்போவில் கிளார்க் வேலை, குனோங் ராபாட்டில் வாடகை வீடு. மச்சான் புந்தோங்கில் இருந்தார். சுங்காய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவர். உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக உருட்டும் இயந்திரம் ஒரு நாள் அவருடைய இடது கட்டைவிரலையும் சேர்த்து உருட்டிவிட்டது. பிறகு ரப்பர் மரங்களை அழித்து, எண்ணெய்க்கான செம்பனை போட்டார்கள். மச்சான் பட்டணத்துக்கு வந்து ஒரு கிடங்குக்குக் காவலாளி ஆனார். வாரத்தில் ஆறு நாள் அவரை எல்லோரும் "ஜாகா" என்று கூப்பிட்டார்கள். போகிற வருகிற லாரிக்காரர்களுக்கு அவர் பெயர் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் ராஜா. வீட்டில் பழைய டிவி கேம் ஒன்று வைத்திருந்தார். அதன் கண்ட்ரோலரில் நட்டுக்கொண்டு நிற்கும் ஆட்டக் கம்பை நான்கு விரலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டால், அந்தத் தெருவில் ஜெயிக்க ஆள் கிடையாது. தோற்பதற்காகவே நாங்கள் நாலைந்து பேர் வாராவாரம் கூடினோம்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான், சிங்கப்பூருக்கு பஸ் ஓட்டும் அண்ணன் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்.

"புது கேம் ஒண்ணு வரப் போவுது. அதுல கம்பே இல்லலா. சப்பையா, சவுக்காரக் கட்டி மாதிரி இருக்கு. இடது பக்கம் ஒரு கூட்டல் குறி. கட்டைவிரலால அதை அமுக்கணும்."

கட்டைவிரல் என்றதும் எல்லோருடைய கண்களும் மச்சானின் இடது கைக்குப் போயின. போன வேகத்தில் திரும்பி விட்டத்தைப் பார்த்தன. மச்சான் கையை இடுப்புச் சாரத்தின் மடிப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"அப்ப அண்ணன் கதை சுடா ஹாபிஸ்! முடிஞ்சிச்சு!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மச்சானிடம் அதிகமாகத் தோற்றவர் அவர்தான். அவருடைய குரலில் அனுதாபம் இருந்தது, முகத்தில் இல்லை. இந்தப் புரளியே அவருடைய ஏற்பாடாக இருக்குமோ என்று அப்போதே எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் அடுத்து அவர் சொன்னதை என்னால் ஒதுக்க முடியவில்லை. அவர் ரப்பர் பாலுக்காக மரப்பட்டையைக் கீறிய பழைய மரம் வெட்டுத் தொழிலாளி.

"தோட்டத்துல கத்திய மாத்துனப்ப என்ன சொன்னான்? கைக்கு நோவாதுன்னான். மறு மாசமே பெரட்டுல நிக்க வச்சி, ஆளுக்கு இத்தனை மரம் கூடன்னு சொல்லிட்டான். பிடிய மாத்துறவன் சும்மா மாத்த மாட்டான்லா."

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து வளர்ந்த யாருக்கும் இதற்குமேல் சான்று தேவையில்லை. அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினோம். ஜப்பானில் எவனோ ஒரு பொறியாளன் எதையோ மாற்றினால், அதற்குப் பின்னால் ஒரு துரை கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார் என்பது எங்களுக்கு உறுதியாயிற்று. துரை என்ன கணக்குப் போடுகிறார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

பழைய புத்தகக் கடையில் தேடி, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் தபால்தலை அளவுக்கு அந்தக் கண்ட்ரோலரின் படம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில், கூட்டல் குறியின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அறிவித்தேன்:

"கம்பு இருக்கு. இந்த நடுக்குழியிலதான் திருகணும். இப்ப குடுக்காம, அப்புறமா தனியா விப்பான். இதுதான் அவன் தந்திரம்."

"நான் சிங்கப்பூர் கடையில கையில எடுத்தே பாத்தேன்லா," என்றார் பஸ் அண்ணன். "கம்பும் இல்ல, கிம்பும் இல்ல."

"கடைக்காரன் உங்ககிட்ட எல்லாத்தையும் எடுத்துக் காட்டுவானா அண்ணே?"

பஸ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மச்சான் மட்டும், "வரட்டும் மாப்ளே, பாத்துக்கலாம்," என்றார். அரசை இழக்கப்போகிறவனின் வீறாப்பு என்று அதை எடுத்துக்கொண்டேன். மனசு கனத்துப்போனது. எப்படியாவது அந்த ஞாயிற்றுக்கிழமையை அவருக்குக் காப்பாற்றிக் கொடுப்பது என்று தீர்மானித்து, கம்பைப் படம் வரைந்து அளவு குறிக்க ஆரம்பித்தேன்.

புது கேமை வாங்கிவரச் சொல்லி மச்சான் ஆசைப்பட்டு பஸ் அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தார். மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை, பெட்டி வந்தது. பேருந்து நிலையத்துக்குப் போய் அவரிடமிருந்து வாங்கி வந்தது நான். வாங்கிய இடத்திலேயே பிரித்துப் பார்த்தேன். இரண்டு கண்ட்ரோலர்கள். கம்பு இல்லை.

"அண்ணே, சின்னதா இன்னொரு பொட்டலம் இருந்திருக்கணுமே?"

"என்னா பொட்டலம்?"

"கம்பு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒங்க கம்ப எடுத்து வச்சி என்னா பண்ணப் போறேன்? பல்லு குத்தவா?"

சந்தேகம் தீராமலே வீட்டுக்கு வந்தேன். விளக்கடியில் வைத்துப் பார்த்தால், கூட்டல் குறியின் நடுவில் உண்மையாகவே ஒரு சின்னக் குழி! விரல் வழுக்காமலிருக்கப் போட்ட பள்ளம் அது என்பது உலகத்துக்கே தெரியும். எனக்கு மட்டும் அது நிறுவனம் மறைக்க மறந்துவிட்ட தடயமாகத் தெரிந்தது. கைத்துளைப்பானை எடுத்தேன். குழியில் வைத்துச் சுற்றினேன். உள்ளே ஏதோ ஒன்று 'டக்' என்றது. சரியான திருகு மரையில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு மனைவியின் அலமாரி இழுப்பறையிலிருந்து மரக்குமிழைக் கழற்றி, அதில் திருகினேன். நான்கு விரலுக்கும் அளவாக உட்கார்ந்தது. பார்க்கவும் கம்பீரமாகத்தான் இருந்தது.

மறுநாள் மச்சான் வீட்டில் எல்லோர் முன்னிலும் அதை அவர் கையில் வைத்தேன். மச்சான் குமிழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குமிழைப் பார்த்தார்.

"இது என்னா மாப்ளே, அலமாரியா?"

"உங்களுக்காகத்தான் மச்சான். தள்ளிப் பாருங்க."

தள்ளினார். திரையிலிருந்த ஆள் இடப்பக்கம் ஓடினான். வலப்பக்கம் தள்ளினார், அப்போதும் இடப்பக்கமே ஓடினான். கையை எடுத்தார், அவன் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தரையில் உருண்டு சிரித்தார்.

மச்சான் கோபப்படவில்லை. இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்துத் தொடைமேல் படுக்க வைத்தார். இடது கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் கூட்டல் குறிமேல் வைத்து, தட்டச்சு செய்கிறவர் மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். ஆள் போனான், வந்தான், தாவினான். பழகிக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரில் யார் ஆடுவது என்ற கேள்வி வந்தபோது, குமிழ் வைத்த கண்ட்ரோலரை எல்லோரும் ஒருமனதாக என்னிடம் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம்வரை நான் இடப்பக்கமாகவே ஓடித் தோற்றுக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, அவருடைய ராஜாங்கத்தை நினைத்து மூன்று வாரம் நான் தூங்காமல் தவித்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். பின்னால் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள், சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் சொன்னாள்:

"ஏங்க, ஞாயித்துக்கெழமைல நீங்க தட்டு தட்டா திங்கிற இறால் பூரா அண்ணன்தான் அந்த நாலு வெரல் கையால உரிச்சித் தராரு. இத்தனை வருசமா எதிர்லயே உக்காந்துதானே திங்கிறீங்க?"