மேல்பல்லும் அம்மாவின் கண்ணும்

எங்கள் ஊரில் யாருக்கும் பல் வெள்ளையாக இருக்காது. காரிமங்கலத்திலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் முன்பல்லில் காவி ஏறியிருக்கும். சிலருக்குக் கோடு கோடாக, சிலருக்குத் திட்டுத் திட்டாக, என் பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு பல் பாக்கியில்லாமல். பல் என்றாலே அந்த நிறம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிவி விளம்பரத்தில் பளீரென்று சிரிப்பவர்கள், முகத்துக்குப் பவுடர் போடுவது போல பல்லுக்கும் எதையோ பூசிக்கொண்டு வருகிறார்கள் என்பது என் கணிப்பு. பல்லில் கறுப்பாக எது தெரிந்தாலும் "தண்ணி அப்படி" என்று சொல்லி முடித்துவிடுவோம். சொத்தை என்ற சொல்லைக் கத்தரிக்காய்க்கு மட்டும்தான் வைத்திருந்தோம்.

அஞ்சாம் வகுப்புக்கு என்னைத் தர்மபுரியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தார்கள். வெள்ளைப் பல்லை அங்கேதான் நேரில் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பேங்க் ஆபீசரின் மகள். நீ பல்லே விளக்க மாட்டாயா என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கிண்டலாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

அதற்கப்புறம் நான் என் பல்லோடு நடத்திய யுத்தம் கொஞ்சநஞ்சமல்ல. உப்பு, அடுப்புச் சாம்பல், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் கிடந்த செங்கல்லை இடித்துப் பொடியாக்கித் தேய்த்தேன். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. காவி மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் ஆண்டு விழா வந்தது. எட்டுப் பேர் ஆடுகிற டான்ஸ். சொல்லிக்கொடுத்த மிஸ் முதலில் என்னைப் பின் வரிசையில்தான் நிறுத்தியிருந்தார். என் அம்மா டெய்லர் என்பதும், எட்டுப் பேருக்கும் டிரஸ்ஸைக் கூலி வாங்காமல் தைத்துத் தருவாள் என்பதும் தெரிந்த பிறகு, நான் முன் வரிசைக்கு நகர்ந்தேன். கூலி வேண்டாமென்று அம்மா சொல்லவில்லை. அம்மாவைக் கேட்காமலே நான்தான் சொல்லியிருந்தேன். மிஸ் ஒரு நிபந்தனை போட்டார். முன்னாடி நிற்கிற, அதனால் வாயைத் திறந்து சிரிக்காதே, உதட்டாலேயே சிரி என்றார். எனக்கு அது அவமானமாகக்கூடத் தோன்றவில்லை, சலுகையாகத்தான் தோன்றியது. கண்ணாடி முன்னால் நின்று உதட்டுச் சிரிப்பைப் பழகினேன்.

ஒருநாள் விடியற்காலையில் செங்கல் பொடியும் ரத்தமுமாக நான் நின்றதை அம்மா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. வாயைக் கொப்பளிக்க வைத்து, ஈறைப் பார்த்து, உச்சுக் கொட்டினாள். அந்தச் சனிக்கிழமையே என்னைத் தர்மபுரிக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அதனால் நாங்கள் ரெண்டு பேர் மட்டும்தான் போனோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என் வாயை விளக்கு போட்டுப் பார்த்தார். "இது தண்ணியால வர்ற கறைம்மா. வெறும் நிறந்தான், பல்லு நல்லா கெட்டியாத்தான் இருக்கு. இவளே செங்கல்ல தேச்சுக் கெடுத்துக்காம இருந்தாச் சரி. பெரியவளானதுக்கப்புறம் வேணும்னா மேல பூசி மறைச்சுக்கலாம். இப்ப ஒண்ணும் பண்ணத் தேவையில்ல," என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியவளானதுக்கப்புறம் என்றால் என்ன அர்த்தம்?

அம்மா நன்றி சொன்னாள். அவள் பேசும்போது வாயை ஒரு பக்கமாகவே அசைப்பதை டாக்டர் கவனித்துவிட்டார். நீங்க உக்காருங்கம்மா என்றார். எனக்கு ஒண்ணுமில்லீங்க, தண்ணிதான், என்று அம்மா வழக்கமான பதிலைச் சொன்னாள். டாக்டர் விடவில்லை. இடது பக்கம் மேலே கடைவாய்ப் பல்லில் ஒரு குழி. "இது தண்ணி இல்லம்மா, சொத்தை. வேர் வரைக்கும் போயிருக்கும்போல," என்றார். ஒரு எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனியில் இருந்த நிழலைக் காட்டினார்.

அதற்கப்புறம் டாக்டர் சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பல்லை எடுக்காமலே உள்ளே சுத்தம் செய்து அடைத்து, மேலே கேப் போடலாம். நாலு தடவை வர வேண்டியிருக்கும். இல்லையென்றால் பல்லை எடுத்துவிடலாம். ரெண்டும் வேண்டாமென்று விட்டால் சீழ் பிடித்து முகம் வீங்கக்கூடும். முடிவு உங்களோடதுதான், ஆனா தள்ளிப்போடாதீங்க என்றார். அம்மா துணிக்கடையில் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள். எது ரொம்ப நாள் தாங்கும், எத்தனை நாள் வலிக்கும், மெஷின் மிதிக்க முடியுமா என்று. முதல் ரெண்டு நாள் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், வேண்டுமானால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர்.

அம்மா என்னைப் பார்த்தாள். வீட்டில் இங்கிலீஷ் படிக்கிறவள் நான்தானே.

"பண்ணிக்கலாமா பாப்பா?"

அந்தக் கேள்வி முழுசாக என் கையில் வந்து நின்றது. நான் நினைத்தது அம்மாவின் பல்லை அல்ல. எட்டு டிரஸ்ஸில் ரெண்டுதான் வெட்டியிருக்கிறது. ரெண்டு நாள் படுத்துக்கொண்டால், அப்புறம் நாலு தடவை தர்மபுரிக்கு அலைந்தால், மீதியை யார் தைப்பது? டிரஸ் வராவிட்டால் மிஸ் என்னை எங்கே நிறுத்துவார்? போதாததற்கு ஒரு பொறாமை வேறு. என் பல்லுக்காக வந்த இடத்தில் என் பல்லை ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, அம்மா பல்லுக்கு இத்தனை நேரமா?

"மேல்பல்லாச்சேம்மா," என்றேன். "மேல்பல்லுல கை வெச்சா கண்ணு போயிடும். கோடி வூட்டு அத்தைக்குப் போச்சே."

எங்கள் பக்கம் எல்லோரும் நம்புகிற விஷயம்தான் அது. ஆனால் கோடி வீட்டு அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு அவர் போகவில்லை. அது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அழுத்திச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் காலை முதல் சாயங்காலம் வரை ஊசிக் காதில் நூல் கோக்கிறவள் அவள். கண் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இவுங்கப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வர்றங்க என்றாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் ஒரு தரம், என்னிடம் ஒரு தரம் சொன்னார். பஸ் ஸ்டாண்டில், வாய் ரணமாக இருக்குமே என்று அம்மா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். சப்புக் கொட்டித் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அம்மா பல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. களி தின்கிற ஊரில் பல்வலியை மறைப்பது சுலபம். களியை யாரும் மெல்வதில்லை, உருட்டி விழுங்கத்தான் செய்வோம். அம்மா கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எட்டு டிரஸ்ஸையும் தைத்து முடித்தாள். ஜரிகை வைத்த பாவாடை, பஃப் கை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் அவள் கடைசிச் சட்டைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது சொன்னேன்.

"நாளைக்கி வர்றப்ப யாரப் பாத்தும் சிரிக்காதம்மா. உம் பல்லு அசிங்கமாத் தெரியுது. முந்தானைய வாய்ல வெச்சிக்க."

அம்மா நூலை வலது பக்கமாக வைத்துக் கடித்து அறுத்தாள். "செரி பாப்பா," என்றாள். மிஸ் என்னிடம் சொன்னதைத்தான் நான் அம்மாவிடம் சொன்னேன் என்று எனக்கு ஒரு நியாயம்கூட இருந்தது.

மறுநாள் சொன்னபடியே வந்தாள். மேடையிலிருந்து பார்த்தேன். நாலாவது வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற அம்மாக்கள் எல்லாம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். என் அம்மா ஒரு தரம்கூடத் துணியை எடுக்கவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. டான்ஸ் முடிந்ததும் மிஸ் வந்து அம்மாவுக்கு நன்றி சொன்னார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். திருச்சிக்காரியின் அம்மா மிக்சரும் காபியும் நீட்டினார். அம்மா கையால் வேண்டாமென்றாள். பாவம், ரொம்பக் கூச்ச சுபாவம்போல என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரத்தில் தலை சாய்ந்து ஜன்னல் கம்பியில் முட்டியது, முந்தானை நழுவியது. தாடையிலிருந்து கண்ணுக்குக் கீழே வரைக்கும் இடது கன்னம் மொத்தமாக உப்பியிருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மூடிக்கிடந்தது. அம்மா என்று உலுக்கினேன். வலது கண் மட்டும் திறந்தது.

"அம்மாவுக்குக் கண்ணு போயிருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டிலிருந்த ஒரு பெண் அம்மாவின் நெற்றியில் கை வைத்து, ஐயோ, ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதே என்றார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, எதிரே வந்த ஆட்டோவில் எங்களை ஏற்றித் தர்மபுரிக்கே திருப்பி அனுப்பினார். கூடவே அந்தப் பெண்ணும் வந்தார். வழியெல்லாம் நான் மாரியாத்தாளிடம் ஒன்றையே கெஞ்சிக்கொண்டிருந்தேன். பல்லில் யாரும் கையே வைக்கவில்லையே, நான் சொன்னது பொய்தானே, அப்புறம் எப்படிக் கண் போகும் என்று.

அரசு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். சீழை எடுத்தார்கள். அந்தப் பல்லும் பக்கத்துப் பல்லும் போயின. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உயிருக்கே கஷ்டம் என்று அங்கே சொன்னார்கள். மூணாம் நாள் வீக்கம் வடிந்து இடது கண் திறந்தது. நான் ஓடிப்போய் ரெண்டு விரலைக் காட்டி, எத்தனை என்றேன். அம்மா கூர்ந்து பார்த்துவிட்டு, நாலு என்றாள். நான் ஓவென்று அழுதேன். "அடி கிறுக்கச்சி, ரெண்டுதான், சும்மா சொன்னன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அதற்கு முன்னாலேயே, முதல் நாள் ராத்திரி, அப்பா கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்து வார்டிலேயே சத்தம் போட்டார். "இம்மாம் வீக்கத்த வெச்சிக்கிட்டு எப்பிடி அங்க போய் உக்காந்திருந்த? ஸ்கூல்ல அத்தன பேர் இருந்தாங்களே, ஒருத்தருக்குமா தெரியல?"

காத்துப் படக் கூடாதுன்னு முந்தானையால மூடியிருந்தேன், யாருக்குத் தெரியும் என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கட்டில் ஓரத்தில் நின்று, யாரோ வாங்கிவந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். இப்போதும் அந்த பிஸ்கட்டை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. அந்தப் பொய்யை அவள் எனக்காகச் சொன்னாள் என்பது மட்டும் அப்போதே புரிந்தது. தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

பிற்பாடு எங்கள் ஊருக்குக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. நான் படித்து வேலைக்குப் போய், முன்பற்களைப் பூசி மறைத்துக்கொண்டேன். அம்மாவையும் அந்த இடத்தில் பல் கட்டிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். களிக்கு எதுக்குங்க பல்லு என்று சொல்லிவிட்டாள். சிரிப்பு வந்தால் மட்டும் அவள் கை தானாக முந்தானைக்குப் போகும். பல் இல்லாத இடத்தை மறைக்கிறாள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கடைவாய், சிரித்தால் வெளியே தெரியாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

போன வருஷம் என் கல்யாணம். மேடையில் போட்டோகிராபர் அம்மாவைப் பார்த்து, முந்தானைய எறக்குங்கம்மா, நல்லா சிரிங்க என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். நான் பொறுக்க முடியாமல், "ஏம்மா, அதான் எல்லாம் எப்பவோ ஆறிப்போச்சே, எடேன்," என்றேன்.

"எடுக்கலாமா பாப்பா?" என்றாள். கோபமோ குத்தலோ இல்லை, கேட்டுக்கொள்கிறவள் மாதிரிதான் கேட்டாள். "நீதான வெச்சிக்கச் சொன்ன. எடுக்கச் சொல்லவேயில்லியே."

நான் அந்த ஆண்டு விழாச் சாயங்காலம் ஒன்றுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டுமென்று பத்து வயசில் எனக்குத் தெரியவில்லை.