இரண்டாம் பாகம்

புத்தகம் மாற்றிக்கொள்வதில் ராத்தாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வாசித்து முடித்தவர் ஒரு துண்டுக் கடதாசியில் அபிப்பிராயத்தை எழுதி, கடைசிப் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராத்தாவின் துண்டுகள் சில புத்தகங்களைவிட நன்றாக இருக்கும். "கதாநாயகி செத்ததில் எனக்குச் சந்தோஷம். இருநூறு பக்கமும் அழுதே அறுத்தாள்" என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டாலும் உறவு ஒன்றும் இல்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்து, கண்டக்குழியில் எங்கள் ஒழுங்கையில் குடியேறியவர். அவசரமாகப் புறப்பட்டபோது பாதி வாசித்த நாவலொன்றைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாராம். விட்டுவந்த வீட்டைப் பற்றிப் பேசமாட்டார். அந்தக் கதையின் முடிவு தெரியாமல் போனதைத்தான் இன்னும் சொல்லிப் புலம்புவார்.

போன சோளகக் காற்றுக் காலத்தில் அவர் வருத்தம் கடுமையாகிப் படுக்கையில் விழுந்துவிட்டார். வைத்தியர்கள் தன்னிடம் சொன்னதை அவருடைய மகள் என்னிடம் சொன்னாள். நான் அலுமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, எண்பது பக்கத்தில் முடிகிற ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதுவரை நாங்கள் மாற்றிக்கொண்டதெல்லாம் தலையணை அளவு நாவல்கள்.

ராத்தா அதை வாங்கி விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன புள்ள, இவ்வளவு மெல்லிசா?"

"படுத்துக்கிட்டு வாசிக்க லேசா இருக்குமெண்டுதான் ராத்தா."

"டொக்டர்மார் எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல. நீ சொல்லிட்டாய்."

கோபமில்லாமல்தான் சொன்னார்.

"ஒரு ரெண்டு பாகக் கதைய வாசிக்கச் சொல்லி உசிர வாங்குவியே, அதக் கொண்டு வா."

பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அடுத்த நாள் முதல் பாகத்தை மட்டும் கொண்டுபோனேன். இரண்டும் பாரமாக இருக்குமே என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், தொடப்படாத இரண்டாம் பாகம் அவருடைய கட்டிலருகே கிடப்பதைப் பார்க்கப் பயந்தேன். ராத்தா உறையில் இருந்த "ஒன்று" என்ற எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் படிப்பிக்கும் பாடசாலையில் பரீட்சை என்று சொல்லி இரண்டு கிழமை அந்தப் பக்கமே போகவில்லை. அது கோழைத்தனம் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு கிழமை முடிவதற்குள் அவர் மௌத்தாகிவிட்டார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதப் போனபோது மகள் புத்தகத்தைத் திருப்பித் தந்தாள்.

"சாச்சி, உம்மா இத அஞ்சு நாள்ல முடிச்சிட்டா. பொறகு நீங்க வாரீங்களாண்டு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தா. கூப்பிடட்டாண்டு நான் கேட்டதுக்கு, வாணாமெண்டுட்டா."

கடைசிப் பக்கத்தில் துண்டு இருந்தது. எழுத்து கோணியிருந்தது.

"நல்ல கதை. மற்றப் பாகம் கையில் இல்லாமல் இதை இனி ஒருவருக்கும் கொடுக்காதே."

மற்றப் பாகம் அவ்வளவு நாளும் என் அலுமாரியில்தான் இருந்தது, மூன்று வீடு தள்ளி.