இடுப்பாட்ட வகுப்பில் போட்ட குலவை

2004 ஜனவரி 28, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வெளியே மைனஸ் முப்பது. கனடாவின் இந்தச் சிற்றூரில் காரைக்கூட இரவில் கரண்டில் செருகி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் உறைந்து கிடக்கும். வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன். ஆறரைக்கு முதியோர் இல்லத்தில் டூட்டி. எட்டுப் பேரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். கஞ்சி வைத்துக் குடித்தேன். அன்றைய தினத்தில் மற்ற புதன்கிழமைகளில் இல்லாதது ஒன்றுதான். இங்கே மாலை ஏழரை ஆகும்போது, கோவில்பட்டியில் மறுநாள் காலை ஏழு மணிக்கு, என் ஒரே மகள் உமாவுக்குக் கல்யாணம்.

லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எதை வேண்டுமானாலும் மூடுகிற போர்வை அது. உண்மையில் லீவு கிடைத்திருந்தது.

தீபாவளிக்கு முன்னால் என் கணவரின் அண்ணன் மனைவி போனில் பேசினார்கள். என் கணவர் மாரடைப்பில் போன பிறகு, நான் நர்ஸ் வேலைக்கு இங்கே வர, உமாவை வளர்த்தது அவர்கள்தான். "செல்வி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. தாலி கட்டுத நேரம் மட்டும் நீ உள் ரூம்ல இருந்துக்கோ. மாப்பிள்ள வீட்டு ஆளுக ஒரு மாதிரி. சகுனம் அது இதும்பாவ." பிறகு உமா போனை வாங்கினாள். "அம்மா, ஒரு பத்து நிமிசந்தானம்மா" என்றாள்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வருவது? அதை அவளிடம் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறே முக்காலுக்கு எழுந்து வகுப்புக்குக் கிளம்பினேன். இந்த வகுப்பைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. பெல்லி டான்ஸ். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி என் முதுகு போயிருந்தது. கூட வேலை பார்க்கும் லிண்டா, முதுகுக்கு நல்லது என்று அக்டோபரில் இழுத்துப்போனாள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடக்கும். சொல்லிக்கொடுப்பவர் சமீரா, லெபனான்காரர், கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். முதல் நாள் சில்லறை தைத்த துணியைக் கொடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார். என் கை தானாகவே அதை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டது, உமா பிறந்தபோது பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார்களே, அந்த மாதிரி. சமீரா முடிச்சை அவிழ்த்துக் கீழே இறக்கினார். "வயிற்றை விடு. அது மூச்சு விடட்டும்" என்றார். நாற்பத்தாறு வயதில் அதை முதன்முறையாகக் கேட்டேன்.

இன்றைக்கும் நான் கற்றுக்குட்டிதான். தோள் அசையாமல் இடுப்பை மட்டும் வட்டமாகச் சுற்ற வேண்டும். வலப்பக்கம் போகும். இடப்பக்கம் போகாது. "உன் இடது பக்கம் தூங்குகிறது" என்பார் சமீரா. அது தூங்கவில்லை. கோவில்பட்டியில் தண்ணீர் லாரி வரும் நாளெல்லாம் குடத்தை வைத்த பக்கம் அது. அசையக் கூடாது என்று பழக்கியது. இதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல், "யெஸ், ஸ்லீப்பிங்" என்பேன்.

அன்று பாட்டு உச்சத்துக்குப் போனபோது சமீரா கையை வாயருகே வைத்து, நாக்கை அசைத்து ஒரு சத்தம் எழுப்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குலவை. எங்கள் ஊர்க் குலவை! எல்லோரையும் செய்யச் சொன்னார். லிண்டாவுக்குக் கோழி கொக்கரிப்பது போலத்தான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மணி பார்த்தேன். ஏழு முப்பத்தைந்து.

ஒரு காலத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் குலவைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போன பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அன்று திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சு வாங்கி வாங்கிப் போட்டேன். சிரிப்பெல்லாம் நின்றுபோனது எனக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கடவுளே, உனக்குள்ளே தீயணைப்பு வண்டியா இருக்கிறது?" என்றாள் லிண்டா.

சமீரா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "எங்கள் ஊரில் இப்படி யாரும் சும்மா போட மாட்டார்கள். யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உமாவின் பெரியப்பா செல்லுக்கு அடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே பேசினாள்.

"முடிஞ்சிட்டாடி?"

"முடிஞ்சிட்டும்மா. இப்பதான் பந்தியில உக்காந்தோம். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். குலவை யாரு போட்டா?"

"ஒருத்தரும் போடல. வீடியோக்காரன் பாட்டக் கூட்டி வச்சுட்டான், மேளமே கேக்கல. பெரியம்மா போட்டுப் பாத்தாவ, இருமல்தான் வந்துச்சு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏழு மணிக்கு நீ என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?"

சொல்லியிருக்கலாம். சர்ச்சின் கீழ்த்தளத்தில், இடுப்பில் சில்லறைத் துணியோடு, லெபனான் பாட்டுக்கு நடுவில் என்று எப்படிச் சொல்வது? "சாமி கும்பிட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"உள் ரூம்ல உனக்கு ஒரு சேர் போட்டு வச்சிருந்தேன்மா. கடைசி நேரத்துல வந்துருவியோன்னு."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

அந்த நாற்காலியைப் பற்றியே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். அதைப் போட்டது அன்பினால்தான். ஆனாலும் உள்ளறையில்தான் போட்டிருக்கிறாள். நான் போயிருந்தால் அதில் உட்கார்ந்திருப்பேனா, உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு முதல் வேலையாக ஓல்கா கிழவியை எழுப்பப் போனேன். குட் மார்னிங் சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. தொண்டை முழுக்கக் கட்டியிருந்தது.

"குளிர் பிடித்துவிட்டதா, பெண்ணே?" என்றாள் கிழவி. தலையாட்டினேன். மேசை டிராயரைத் துழாவி, தேன் மிட்டாய் ஒன்றை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து என் வாயருகே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மகள் கல்யாணத்துக்கு நான் தின்ற இனிப்பு அதுதான். அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, குனிந்து அவள் காலுறைகளை மாட்டிவிட்டேன்.