மின்னல் படத்தை ஒட்டிய நாள்

சமயநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வானிலைப் பாடத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க திருநகர் வீட்டில் உட்கார்ந்து படங்கள் வெட்டினேன். சூரியன், மேகம், காற்று, மழை, மின்னல். தினமும் காலையில் ஒரு பிள்ளை எழுந்து வந்து, அன்றைக்குப் பொருத்தமான படத்தைச் சுவர் அட்டையில் ஒட்ட வேண்டும். மின்னலுக்கு மட்டும் ஜிகினாத் தாள் வைத்திருந்தேன். ஆறு வயதுக்கு மின்னல் தேவையா என்று யோசிக்கவில்லை. பளபளவென்று இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள், பள்ளியின் பின்சுவரை ஒட்டிய வீட்டுச் சிறுமியின் முறை வந்தது. வெளியே சுள்ளென்று வெயில். அவள் மின்னலை எடுத்து ஒட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடி என்றால் பயம். ஜன்னலைச் சாத்தி, பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்துப் பாடச் சொல்லி, நானும் சேர்ந்து பாடினேன். முதலில் நின்றது என் குரல்தான். அறை முழுக்க வெள்ளையானது; அதே நொடியில் சத்தம். காது அடைத்துப்போனது. அந்தச் சிறுமி சுவருக்கு ஓடினாள். மின்னலைப் பிய்த்து, கசக்கி, வாயில் திணித்துக்கொண்டாள். விரலை விட்டுத் தோண்டி எடுப்பதற்குள் என் உயிர் போய் வந்தது.

பின்சுவருக்கு அப்பால் தென்னையின் உச்சி எரிந்துகொண்டிருந்தது. அடியில் கட்டியிருந்த ஆடு செத்துக் கிடந்தது. அவள் வீட்டு ஆடு.

மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க டீச்சர்," என்றார் அவள் அம்மா. "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயவே தொறக்க மாட்டேங்குறா. எம்புட்டோ கேட்டுப் பாத்துட்டோம்."

கதவு இடுக்கில் சுருண்டிருந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து என் காதில் சொன்னாள். "நான் ஒட்டுனேன்ல டீச்சர், அதான் வந்துருச்சு. போலீஸ் வருமா?"

வராது என்று சொல்லி அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். வகுப்பில் இன்னும் எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ? கேட்கவே பயமாக இருந்தது. மறுநாள் கேட்டேன். ஒட்டுகிற படம்தான் பிறகு வருகிறது என்று பாதிக்கு மேல் கை தூக்கினார்கள்.

அப்படியில்லை என்று வாயால் சொன்னால் இந்த வயதுக்கு ஏறாது. அவளை அம்மா கொண்டுவந்து விட்ட அன்று, தெளிந்த வானத்தைப் பார்த்துவிட்டு நானே மழைப் படத்தை ஒட்டினேன். எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். மழை வரவில்லை. அடுத்த நாளும் ஒட்டினேன், வரவில்லை. அவள் என் சேலையை இறுகப் பிடித்தபடியே நின்றாள்.

மூன்றாம் நாள் ஒட்டிவிட்டு வெளியே வந்தால், பரவை ஊர்ப் பக்கம் மேகம் திரண்டு நின்றது. ஒட்டும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. வராதே, வராதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். முதல் துளி என் முழங்கையில் விழுந்தது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

அவளே என் கையை இழுத்தாள். "இன்னைக்கு நீங்கதான டீச்சர் ஒட்டுனீங்க?"

"ஆமா."

என்னை அண்ணாந்து பார்த்தாள். "பயப்படாதீங்க. சும்மா மழைதான். உள்ள வாங்க."

அன்றைக்கே பாடத்தை மாற்றினேன். முதலில் வெளியே போய் அண்ணாந்து பார்ப்போம். பார்த்ததை மட்டும் உள்ளே வந்து ஒட்டுவோம். மின்னலை மறுபடி வெட்டவில்லை; மீதி ஜிகினாத் தாளை நான்காம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பழையபடி பேசினாள், சண்டை போட்டாள், சூரியனை ஒட்டினாள். ஆனால் அவள் முறை வரும் நாட்களில், மணியடிக்கும்வரை என்னால் பாடத்தில் மனசை வைக்க முடிந்ததில்லை. ஜன்னல் வழியாக மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.